கை காட்டினால் நிற்குமா வண்டி? வழிப்போக்கரும் நம் சட்டங்களும்

பெருந்துறை வழியாகச் செல்லும் சேலம் - கொச்சி தேசிய நெடுஞ்சாலையில் (எண் 544, பழைய 47) இரவு பத்து மணிக்கு மேல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சிப்காட்டில் இரண்டாவது ஷிஃப்ட் முடித்தவர், கோவையிலிருந்து வந்த பேருந்து ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போனவர், ஈரோட்டுக்குக் கடைசி டவுன் பஸ்ஸைத் தவறவிட்டவர் என்று யாராவது ஒருவர் சாலையோரத்தில் கை நீட்டிக்கொண்டு நிற்பார். "அண்ணா, ஈரோடு வரைக்கும் வருலாமுங்ளா?" என்று கேட்பவரும் உண்டு. தமிழ் வராததால் வெறும் கையை மட்டும் காட்டி நிற்பவரும் உண்டு. பத்து வண்டி போகும். பதினோராவது வண்டி நிற்கலாம், நிற்காமலும் போகலாம்.

இதைத்தான் நாம் 'லிஃப்ட் கேட்பது' என்கிறோம். மேற்கத்திய நாடுகளில் இளைஞர்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு, கட்டை விரலை உயர்த்தி, ஊர் சுற்றுவதற்காக இப்படிப் பயணிப்பதைப் பற்றிப் புத்தகங்களும் திரைப்படங்களும் வந்திருக்கின்றன. அவர்களுக்கு அது சாகசம். நம் நாட்டில் ஒரு பெருநகரத்தை விட்டு முன்பின் தெரியாதவரின் வண்டியில் ஏறி வெளியேறுபவர்களில் பெரும்பாலோர் வேறு வழியில்லாதவர்கள். ரயில் இல்லை, பேருந்து இல்லை, அல்லது கையில் காசு இல்லை. ஏழையின் கடைசி டிக்கெட் லாரிதான்.

அந்த டிக்கெட்டுக்கு என்ன விலை? அதை யார் கொடுக்கிறார்கள்? நம் சட்டம் யாரைக் காப்பாற்றுகிறது, யாரைக் கைவிடுகிறது? 2020இல் நாடே பார்த்த காட்சிகள் இந்தக் கேள்விகளை எழுப்பின. இன்றுவரை அவற்றுக்கு ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை.

நகரம் கதவைச் சாத்திய நாட்கள்

2020 மார்ச் 22 அன்று பயணிகள் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 24ஆம் தேதி இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார். இடையில் இருந்தது நான்கு மணி நேரம். தினக்கூலிக்காரருக்கு மறுநாள் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் வாடகை இல்லை. வாடகை கொடுக்காவிட்டால் தங்க இடமில்லை. ஆகவே அவர்கள் கிளம்பினார்கள். மார்ச் 28 அன்று டெல்லி ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் பேருந்துக்காக முண்டியடித்து நின்ற காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. பேருந்து கிடைக்காதவர்கள் நெடுஞ்சாலையில் நடந்தார்கள். வழியில் வந்த லாரிகளுக்குக் கை காட்டினார்கள்.

மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசின் சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா, அன்று காலை 11 மணி நிலவரப்படி சாலையில் யாரும் இல்லை என்று தெரிவித்தார். அதற்கு அடுத்த சில நாட்களிலேயே நம் கொங்கு மண்ணுக்கு ஒரு துயரச் செய்தி வந்தது. நாமக்கல்லைச் சேர்ந்த, இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர் மகாராஷ்டிரத்தின் வார்தா பகுதியிலிருந்து தம்மைப் போன்ற தமிழக இளைஞர்களுடன் ஊருக்குப் புறப்பட்டிருந்தார். நடந்தும், நிறுத்திய லாரிகளில் ஏறியும் ஏறத்தாழ 450 கிலோமீட்டர் கடந்து செகந்திராபாத் வரை வந்து சேர்ந்தார்கள். அங்கே தங்கவைக்கப்பட்டிருந்த இடத்தில் அந்த இளைஞர் மயங்கி விழுந்து இறந்தார். ஊருக்கு இன்னும் 800 கிலோமீட்டருக்கும் மேல் இருந்தது.

இதில் ஒரு கொடுமையான முரண்பாடு இருக்கிறது. இந்தியாவின் லாரித் தொழிலில் நாமக்கல்லும் சங்ககிரியும் எவ்வளவு பெரிய பெயர்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த இளைஞர் நடந்து வந்த அதே சாலையில் அவர் மாவட்டத்துப் பதிவெண் கொண்ட லாரிகள் ஓடுவது அன்றாட வழக்கம். ஆனால் அந்த நாட்களில் ஓர் ஓட்டுநர் மனமிரங்கி அவரை ஏற்றுவதே குற்றமாக இருந்தது. உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி ஒரு சரக்கு லாரியில் இரண்டு ஓட்டுநர்களும் ஓர் உதவியாளரும் மட்டுமே செல்லலாம். நான்காவதாக ஒரு மனிதர் கேபினில் இருந்தால் அவரும் தவறு செய்தவர், அவரை ஏற்றியவரும் தவறு செய்தவர்.

வெளிப்படையாக ஏற முடியாதபோது மனிதர்கள் ஒளிந்து ஏறினார்கள். மே 2 அன்று மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் அருகே காவல்துறை ஒரு கான்கிரீட் கலவை லாரியை நிறுத்திச் சோதித்தபோது, அதன் உருளைக்குள்ளிருந்து 18 பேர் ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தார்கள். மகாராஷ்டிரத்திலிருந்து லக்னோவுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். மே 16 அதிகாலையில் உத்தரப்பிரதேசத்தின் ஔரையாவில், மூட்டைகளோடு மூட்டைகளாகத் தொழிலாளர்களை ஏற்றி வந்த லாரி, டெல்லியிலிருந்து வந்து சாலையோரம் நின்றிருந்த இன்னொரு வண்டியில் மோதியது. அந்த வண்டியிலும் ஊர் திரும்பும் தொழிலாளர்களே இருந்தார்கள். குறைந்தது 24 பேர் இறந்தார்கள். அதற்கு எட்டு நாட்களுக்கு முன், மே 8 அன்று, மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அருகே நடந்து களைத்துத் தண்டவாளத்தில் உறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயில் ஏறி இறந்திருந்தார்கள்.

நம் பகுதியும் இதற்கு விலக்கல்ல. அந்த மே மாதத்தில் கோவை, திருப்பூர் பக்கமிருந்து வட மாநிலத் தொழிலாளர்கள் நடந்தும் சைக்கிளிலும் ஊர் நோக்கிப் புறப்பட்டதை இந்தச் சாலையோரத்து மக்கள் பார்த்தார்கள். மே 1 முதல் 'ஷ்ரமிக்' சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கி, மொத்தம் 4,600க்கும் மேற்பட்ட ரயில்களில் ஏறத்தாழ 63 லட்சம் பேர் ஊர் சேர்ந்தார்கள். ஆனால் அதற்குள் ஐந்து வாரங்களுக்கு மேல் ஓடிவிட்டன. கட்டணம் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது மே 28இல்தான்.

ஊர் திரும்பிய தொழிலாளர்கள் ஒரு கோடிக்கும் மேல் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அவர்களில் வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர்? 2020 செப்டம்பர் 14 அன்று தொழிலாளர் அமைச்சகம் அளித்த பதில், அப்படிப்பட்ட கணக்கு இல்லை என்பதுதான். கணக்கு இல்லாததால் இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்றும் சொல்லப்பட்டது. எண்ணப்படாதவர்களுக்கு இழப்பீடும் இல்லை.

ஒரே நகரம், இரண்டு பார்வைகள்

இந்த இடத்தில் நம் சமுதாயத்துக்கு வலித்த ஒரு விஷயத்தையும் பேசியாக வேண்டும்.

ஆனந்த் விஹாரில் மக்கள் வெளியேறத் துடித்த அதே வாரத்தில், அதே டெல்லியில், நிஜாமுத்தீன் மர்கஸுக்குள் 2,300க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் இருந்த பிரச்சினை ஒன்றுதான்: ஊருக்குப் போக வண்டி இல்லை. மார்ச் 22 அன்று ரயில் நின்றது. 23 முதல் டெல்லியில் ஊரடங்கு. வாகன அனுமதிச் சீட்டு கேட்டு அதிகாரிகளிடம் விண்ணப்பித்ததாக மர்கஸ் நிர்வாகம் அப்போது வெளியிட்ட அறிக்கையில் கூறியது. சாலையில் இறங்கி நடந்தவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள் ஆனார்கள். அரசு சொன்னபடி இருந்த இடத்திலேயே இருந்தவர்கள் நோய் பரப்பும் சதிகாரர்கள் ஆனார்கள். நடந்தவர்கள்மீது காட்டப்பட்ட இரக்கம் சரியானது. அதே இரக்கம் இவர்களுக்கு மறுக்கப்பட்டதுதான் அநீதி.

அந்தப் பழி டெல்லியோடு நிற்கவில்லை. ஈரோட்டில் தாய்லாந்திலிருந்து வந்தவர்களுக்குத் தொற்று உறுதியாகி, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டார்கள். ஈரோட்டில் தெருக்கள் அடைக்கப்பட்டன. வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் முஸ்லிம் வியாபாரிகள் பட்ட பாட்டை நம் குடும்பங்களில் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் அதே பெருந்துறை மருத்துவமனையின் மருத்துவர்களும் செவிலியர்களும் தூய்மைப் பணியாளர்களும் மதம் பார்க்காமல் சிகிச்சை அளித்தார்கள். ஏப்ரல் இறுதிக்குள் மாவட்டத்தில் சிகிச்சையில் ஒருவரும் இல்லை என்ற நிலை வந்தது. அந்த மருத்துவக் கல்லூரி சாலைப் போக்குவரத்து நிறுவனத்தால், அரசுப் பேருந்துத் தொழிலாளர்களின் பங்களிப்பில் வளர்ந்தது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். வண்டி ஓட்டியவர்களின் உழைப்பில் உருவான மருத்துவமனை, வண்டி கிடைக்காமல் பழி சுமந்த சமூகத்தின் நோயாளிகளுக்கும் உயிர் கொடுத்தது.

நீதிமன்றங்கள் பின்னர் உண்மையைப் பதிவு செய்தன. 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர்மீது போடப்பட்ட வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கருத இடமிருக்கிறது என்று கூறியது. 2025 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம், வெளிநாட்டினருக்கு இடம் கொடுத்ததாக இந்தியர்கள் 70 பேர்மீது தொடரப்பட்ட 16 வழக்குகளையும் ரத்து செய்தது. ஊரடங்குக்கு முன்பே அங்கிருந்தவர்கள் நோயைப் பரப்பினார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே அதன் சாரம். ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் இந்த நியாயம் கிடைத்தது. வழிப்போக்கருக்கு இடம் கொடுத்ததே இவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம் என்பதைக் கவனியுங்கள். லாரியில் ஏற்றியவருக்கும் அதே நிலைதான்.

ஏற்றியவருக்கு அபராதம், ஏறியவருக்கு ஒன்றுமில்லை

ஊரடங்கு முடிந்துவிட்டது, இனி என்ன பிரச்சினை என்று கேட்கலாம். சாதாரண நாட்களிலும் சட்டத்தின் நிலை பெரிதாக மாறிவிடவில்லை. இது ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

முதலில், லாரியில் ஏறுபவர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி வாகனத்துக்குக் கட்டாயக் காப்பீடு இருக்க வேண்டும். 1994 திருத்தத்துக்குப் பிறகு, சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சென்றால் அந்தக் காப்பீடு அவரைக் காக்கும். ஆனால் காசு கொடுக்காமல் இரக்கத்தின் பேரில் ஏறியவரையும், காசு கொடுத்து ஏறிய பயணியையும் அது காக்காது. உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கிலும் (2002), பல்ஜித் கௌர் வழக்கிலும் (2004) இதை உறுதி செய்தது. விபத்தில் அவர் இறந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை, லாரி உரிமையாளருக்கு. ஒரே ஒரு லாரியைக் கடனில் ஓட்டும் உரிமையாளரால் பல லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க முடியுமா? சில வழக்குகளில் நீதிமன்றங்கள், காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவிட்டிருக்கின்றன. அதற்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்த வேண்டும். பீகாரிலோ ஒடிசாவிலோ இருக்கும் ஒரு விதவைத் தாய் ஈரோட்டுத் தீர்ப்பாயத்துக்கு எத்தனை முறை வந்து போவார்?

இரண்டாவது, பைக்கில் லிஃப்ட். இது நம் வீட்டுப் பிள்ளைகள் தினமும் கொடுப்பதும் கேட்பதும். வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் இருந்தால், பின்னால் அமர்ந்து வருபவர் அதில் வரமாட்டார் என்று 2006இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழுமையான 'பேக்கேஜ்' பாலிசி இருந்தால் பின்னிருக்கையில் இருப்பவருக்கும் காருக்குள் இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் மிச்சப்படுத்துவதற்காக வெறும் மூன்றாம் தரப்புக் காப்பீடு எடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். உங்களை நம்பி ஏறியவருடைய குடும்பத்துக்கு நாளை நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்றாவது, லிஃப்ட் கொடுப்பவர். 2018இல் நவி மும்பையின் ஐரோலியில் மழையில் நின்ற மூவரைத் தம் காரில் ஏற்றிய ஒருவருக்குப் போக்குவரத்துக் காவலர் அபராதச் சீட்டு கொடுத்தார். பெர்மிட் இல்லாமல் பயணிகளை ஏற்றினார் என்பது குற்றச்சாட்டு. அவர் நீதிமன்றம் சென்று அபராதம் கட்டினார். வாடகைக்கு ஆள் ஏற்றும் கள்ள டாக்ஸிகளைத் தடுக்க எழுதப்பட்ட பிரிவு, மழையில் நனைந்தவருக்கு உதவியவர்மீது பாய்ந்தது. விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்ப்பவரைக் காக்க 2019 திருத்தத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. நல்ல சட்டம். ஆனால் அடிபட்ட பிறகு உதவினால்தான் பாதுகாப்பு. அடிபடாமல் இருக்கும்போது ஏற்றிக்கொண்டால் பாதுகாப்பு இல்லை.

இதற்காக, லாரிகளில் யாரையும் ஏற்றலாம் என்று சட்டத்தைத் தளர்த்தச் சொல்கிறோமா? இல்லை. சரக்கு வண்டியில், மூட்டைகளின்மேல் மனிதர்கள் பயணிப்பது ஆபத்து. ஔரையா அதற்குச் சாட்சி. தடை இருப்பது நியாயமே. ஆனால் தடை மட்டும் இருந்து மாற்று ஏற்பாடு இல்லையென்றால், அந்தச் சட்டம் ஏழையின் உயிரைக் காக்கவில்லை, அவன் இறந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் பணத்தை மட்டும் காக்கிறது. நிபந்தனையை மீறியதற்காக உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுங்கள், ஆனால் இறந்தவரின் குடும்பத்துக்கு முதலில் கொடுத்துவிடுங்கள் என்பதை நீதிபதியின் கருணைக்கு விடாமல் சட்டத்திலேயே எழுதலாம். அப்படி எழுதினால் குற்றம் செய்தவர் தப்பமாட்டார், அநாதைகளும் தெருவில் நிற்கமாட்டார்கள்.

ஊருக்குப் போகும் செலவு யாருடையது?

பிரச்சினையின் வேர் லாரியில் இல்லை. தொழிலாளி ஏன் லாரியில் ஏறும் நிலைக்கு வருகிறார் என்பதில் இருக்கிறது.

இதற்கு 1979லேயே ஒரு சட்டம் இருந்தது. மாநிலங்களுக்கு இடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒப்பந்ததாரர் தொழிலாளிக்கு வந்துபோகும் பயணப்படி கொடுக்க வேண்டும். பயண நாட்களுக்கும் கூலி உண்டு. இடம்பெயர்வுப் படி என்று தனியாகவும் உண்டு. பெருந்துறையிலோ திருப்பூரிலோ எத்தனை தொழிலாளர்கள் இந்தப் படியை வாங்கியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. 2020இல் இந்தச் சட்டம் ஒழுங்காக நடைமுறையில் இருந்திருந்தால் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் ஒரு பதிவேட்டில் இருந்திருக்கும். அவரை ஊருக்கு அனுப்பும் பொறுப்பு ஒருவருக்கு இருந்திருக்கும். கணக்கு இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டிய தேவையும் வந்திருக்காது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பழைய 1979 சட்டம் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் தொடர்பான தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. இதில் நல்லதும் உண்டு, குறையும் உண்டு. ஒப்பந்ததாரர் மூலம் வராமல் தானே வேலை தேடி வந்தவரும், மாதம் 18,000 ரூபாய்க்குள் ஊதியம் பெற்றால், இப்போது புலம்பெயர் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறார். ஆண்டுக்கு ஒருமுறை சொந்த ஊர் போய்வரும் பயணச் செலவை நிர்வாகம் மொத்தத் தொகையாகக் கொடுக்க வேண்டும் என்று 61ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் ஐந்து வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தாலே பழைய சட்டம் பொருந்தும். இப்போது பத்துப் பேர் வேண்டும். இடம்பெயர்வுப் படி காணாமல் போய்விட்டது. கொங்குப் பகுதியின் சிறு தறிக்கூடங்கள், சிறு பனியன் கம்பெனிகள், செங்கல் சூளைகள், கோழிப்பண்ணைகள் பலவற்றில் பத்துக்கும் குறைவான வெளிமாநிலத்தவரே இருப்பார்கள். நெருக்கடி வந்தால் முதலில் சாலைக்கு வருபவர்கள் இவர்கள்தான்.

நெருக்கடி என்றால் கொள்ளைநோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வட மாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் ரயில் நிலையங்களுக்கு ஓடினார்கள். செய்தி பொய் என்று தமிழகக் காவல்துறை அறிவித்தது, வழக்குகளும் பதிவு செய்தது. பீகார் அரசின் குழு ஒன்று நேரில் வந்து பார்த்துச் சென்றது. அந்த முறை ரயில் ஓடிக்கொண்டிருந்ததால் அச்சம் அச்சத்தோடு முடிந்தது. வதந்தி ஒரு சமூகத்தை எப்படி நடுங்க வைக்கும் என்பது 2020இல் அதை அனுபவித்த நமக்குத் தெரியாததல்ல. அன்று நம்மைப் பற்றிப் பொய் பரவியபோது யாராவது பேச மாட்டார்களா என்று ஏங்கினோம். அவர்களைப் பற்றிப் பொய் பரவும்போது பேச வேண்டிய முதல் ஆட்கள் நாம்தான்.

வழிப்போக்கரின் உரிமை

இந்த விஷயத்தில் இஸ்லாம் மிகத் தெளிவாகப் பேசுகிறது. ஸகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் (9:60) பட்டியலிடும்போது வழிப்போக்கரையும் சேர்க்கிறது. உறவினருக்கும் ஏழைக்கும் வழிப்போக்கருக்கும் அவரவர் உரிமையைக் கொடுக்குமாறு வேறோர் இடத்தில் (17:26) கட்டளையிடுகிறது. வழிப்போக்கருக்குக் கொடுப்பதைச் சலுகை என்று சொல்லாமல் அவருடைய உரிமை என்றே அது சொல்கிறது. சொந்த ஊரில் சொத்து இருந்தாலும், வழியில் கைவிடப்பட்டு நிற்பவர் ஊர் போய்ச் சேரும் அளவுக்கு ஸகாத் பெறலாம் என்று மார்க்க அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். அவருடைய ஏழ்மை அந்தப் பயணத்தில் இருக்கிறது. வார்தாவிலிருந்து நடந்த நாமக்கல் இளைஞர் இந்த வரையறைக்குள் அப்படியே பொருந்துகிறார்.

கூடுதலாக வாகனம் வைத்திருப்பவர் வாகனம் இல்லாதவருக்கு அதைக் கொடுத்து உதவட்டும் என்ற கருத்தில் இறைத்தூதர் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது கூறியதை முஸ்லிம் நூலில் காண்கிறோம். ஒருவர் தம் வாகனத்தில் ஏற உதவுவதும், அவருடைய பொருளைத் தூக்கி வைப்பதும் தர்மம் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் நோன்பைத் தள்ளிப்போடவும் அனுமதித்த மார்க்கம் இது. பயணத்தின் சிரமம் இறைவனிடம் கணக்கில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

2020இல் ரமளான் மாதம் ஏப்ரல் இறுதியில் தொடங்கி மே 24 வரை இருந்தது. தொழிலாளர்கள் சாலையில் நடந்த உச்சகட்ட நாட்கள் அவை. நோன்பு வைத்துக்கொண்டே நம் இளைஞர்கள் பல ஊர்களில் சாலையோரங்களில் நின்று உணவும் தண்ணீரும் செருப்பும் கொடுத்தார்கள். தம்மைப் பார்த்து ஒதுங்கியவர்களுக்கும் கொடுத்தார்கள். அந்தப் பணி பாராட்டுக்குரியது. ஆனால் பேரிடர் நாளில் கொடுக்கும் பிரியாணிப் பொட்டலத்தோடு வழிப்போக்கரின் உரிமை முடிந்துவிடுவதில்லை.

நாம் செய்யக்கூடியவை

நெடுஞ்சாலையோரத்து ஊர்களில் உள்ள ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பைத்துல்மால் கணக்கில் வழிப்போக்கருக்கென்று ஒரு பங்கை ஒதுக்கலாம். பெரிய தொகை தேவையில்லை. நள்ளிரவில் பணம் தொலைத்து நிற்பவருக்கு, வேலை தருவதாக அழைத்து வந்த ஏஜென்ட் ஏமாற்றிவிட்டதால் திகைத்து நிற்பவருக்கு, ஒரு ரயில் டிக்கெட்டும் ஒருவேளை உணவும் போதும். கையில் பணமாகக் கொடுக்கத் தயங்கினால் டிக்கெட்டாக எடுத்துக் கொடுங்கள். அவர் எந்த மதம் என்று பார்க்க வேண்டியதில்லை. ஸகாத் பணத்தில் சட்டச் சிக்கல் இருந்தால் ஸதகா பணத்தில் செய்யலாம்.

தொழில் நடத்துபவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். தோல், துணி, உணவகம், இரும்புக்கடை என்று எதுவானாலும், வெளிமாநிலத் தொழிலாளி ஒருவர் நம்மிடம் வேலை செய்தால் அவர் பெயர், ஊர், குடும்பத்தாரின் தொலைபேசி எண் ஆகியவை நம் பதிவேட்டில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அவர் ஊர் போய்வரும் செலவைக் கொடுப்போம். பத்துப் பேர் இருந்தால்தான் சட்டம் கேட்கும். ஒருவர் இருந்தாலும் இறைவன் கேட்பான்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உள்ளன. பைபாஸில் இறக்கிவிடப்படும் பயணிக்கு இரவில் ஊருக்குள் செல்ல இணைப்புப் பேருந்து வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். லட்சக்கணக்கான பெண்களின் வாழ்க்கையை அது மாற்றியிருக்கிறது. ஆனால் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அந்தப் பேருந்து ஓடினால்தான் அது இலவசம். ஓடாவிட்டால் முன்பின் தெரியாதவரின் வண்டிதான். ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளில் இரவு ஷிஃப்ட் நேரத்துக்கு ஏற்பப் பேருந்து வேண்டும் என்பதை உள்ளாட்சிக் கூட்டங்களில் எழுப்புவோம்.

பிள்ளைகளுக்கும் இரண்டு விஷயம் சொல்லி வையுங்கள். இரவில் தெரியாத வண்டியில் ஏற வேண்டிய கட்டாயம் வந்தால் முதலில் வண்டி எண்ணை வீட்டுக்கு அனுப்பட்டும். மூட்டைகளின்மேல், லோடின்மேல் எந்தக் காரணத்துக்காகவும் ஏற வேண்டாம். சொந்த வண்டியில் பின்னால் யாரையாவது ஏற்றுவதாக இருந்தால் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட், வண்டிக்கு முழுமையான காப்பீடு. பயந்துகொண்டு உதவாமல் இருப்பதும் சரியல்ல, யோசிக்காமல் உதவுவதும் சரியல்ல.

அன்று செகந்திராபாத்தில் உயிர்விட்ட நாமக்கல் இளைஞர் யாரிடமும் இலவசம் கேட்கவில்லை. வீட்டுக்குப் போக வழி கேட்டார். நாளை அதே சாலையில் நம் வீட்டுப் பிள்ளையும் கை காட்டிக்கொண்டு நிற்கலாம். அப்போது ஒரு வண்டி நிற்க வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டால், இன்று நம் முன்னால் நிற்பவருக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதிலிருந்துதான் அது தொடங்குகிறது.